தலைவர் சொல் முதலில்

எங்கள் வேலைக்கு முதல் தகுதி காது என்று நினைப்பீர்கள். கிடையாது, முகம். முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டக் கூடாது. பேரவையின் நட்டநடுவில், அவைத்தலைவரின் மேடைக்குக் கீழே ஒரு மேசை இருக்கிறது. அதில் சுருக்கெழுத்தர் ஒருவர் குனிந்து உட்கார்ந்து, பேசப்படுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பார். சுற்றிலும் அறுபது உறுப்பினர்கள் கத்துவார்கள், கேலி பேசுவார்கள், தேர்தல் நெருங்கினால் அழவும் செய்வார்கள். நாங்கள் சிரிக்கக் கூடாது, உச்சுக் கொட்டக் கூடாது, நிமிர்ந்துகூடப் பார்க்கக் கூடாது. பத்து நிமிடம் எழுத வேண்டும். அடுத்தவர் வந்து தோளைத் தொட்டதும் எழுந்து மாடிக்குப் போய், எழுதியதை நல்ல பிரதியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி கீழே.

இருபத்திரண்டு வருடமாக இதைச் செய்கிறேன். வெளியில் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு எதுவுமே கேட்பதில்லை. பேச்சு காதில் நுழைந்து கை வழியாகத் தாளுக்குப் போய்விடும், நடுவில் எங்கும் நிற்காது. மாடிக்குப் போய் என் குறிப்பை நானே படிக்கும்போதுதான் கீழே என்ன பேசினார்கள் என்று தெரியவரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி இல்லை. ஒவ்வொரு பேச்சுக்கும் கோபம் வரும், கை பின்தங்கும். அப்புறம் மரத்துப்போனது. மரத்துப்போனவளுக்குத்தான் இந்த மேசையில் நல்ல பெயர்.

வீட்டிலும் அதே கதைதான். என் தம்பி மின்தூக்கி பழுதுபார்ப்பவனாக இருந்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் மின்தூக்கிக் குழிக்குள் இரண்டு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். உயிர் தப்பியது, மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும் என்றார்கள். வந்ததெல்லாம் நடை, பசி, தூக்கம், சில வாக்கியங்கள். தனியாக விட்டால் அடுப்பைத் திறந்துவிடுவான், இல்லையென்றால் கதவைத் திறந்து போய்க்கொண்டே இருப்பான். காலை எட்டு பத்துக்கு ஒரு வேன் வந்து அவனைப் பகல் இல்லத்துக்கு அழைத்துப் போகும், மாலை ஐந்தரைக்குக் கொண்டுவந்து விடும். பழைய தபால் நிலையக் கட்டிடத்தில் இருக்கிறது அந்த இல்லம். அங்கே அவனுக்கு ஒரு பெட்டி நிறைய திருகாணிகள் கொடுத்திருக்கிறார்கள். பெரியது, சிறியது, மரத்துக்கு, இரும்புக்கு என்று நாள் முழுக்கப் பிரித்து வைப்பான். மாலையில் யாரோ எல்லாவற்றையும் மறுபடி கலந்துவிடுவார்கள். அவனுக்கு அது தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட மாட்டான் என்றுதான் தோன்றுகிறது.

இதெல்லாம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவன் விழுந்தபோது எடுத்த விடுப்புக்குக் காரணம் 'சொந்த வேலை' என்றுதான் எழுதினேன். 'ஐயோ பாவம்' என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்களை அறைய வேண்டும்போல் இருக்கும். அதனால் யாருக்கும் அந்த வாய்ப்பைக் கொடுக்கவில்லை.

மாலையில் வேனிலிருந்து இறங்கியதும் தம்பி கேட்பது ஒரே கேள்விதான். விழுவதற்கு முன்னாலும் இதையே கேட்பான், அப்போது கிண்டலாக. இப்போது கிண்டல் போய்விட்டது, கேள்வி மட்டும் மிச்சம்.

"இன்னிக்கு என்ன பேசினாங்க?"

"வரியப் பத்தி."

"கூட்டுவாங்களா, குறைப்பாங்களா?"

"குறைப்பாங்க."

"நல்லது" என்பான். கூட்டுவார்கள் என்று சொன்னாலும் "நல்லது" என்றுதான் சொல்வான்.

வரியைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது. இரண்டு வருடத்துக்கு முன்புவரை எங்கள் பேரவைக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. தலைநகரம் வசூலிக்கும், எங்களுக்கு ஒரு பங்கை அனுப்பும். வந்ததைச் செலவழித்துவிட்டு, வராததற்குத் தலைநகரத்தைத் திட்டினால் போதும். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று சுகமான காலம். பிறகு தலைநகரம் ஒரு நாள், "வருமான வரியில் ஒரு பகுதியை இனி நீங்களே விதித்துக்கொள்ளுங்கள், நாங்கள் அனுப்புவதில் அந்த அளவைக் குறைத்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டது. 'நம் வரி நம் கையில்' என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினார்கள், பட்டாசு ஒன்றுதான் பாக்கி. முதல் வருடம் யாருக்கும் அதைத் தொடத் தைரியம் வரவில்லை. இரண்டாம் வருடம் ஆளுங்கட்சி வரியில் அரை விழுக்காடு குறைக்கப் போவதாக அறிவித்தது. குறைகிற பணத்தை எங்கிருந்து பிடிப்பது என்பதை மட்டும் விவாதம் முடியும் நாள்வரை சொல்லவில்லை.

அந்த நாளில் என் முறை பிற்பகல் மூன்று பத்துக்கு. போனேன், எழுதினேன், தோளைத் தொட்டார்கள், மாடிக்கு வந்தேன். குறிப்பைத் திறந்து தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

நிதியமைச்சர் பேசியிருந்தார். முன்பு மருந்துக்கடை வைத்திருந்தவர், இன்றும் அளந்துதான் பேசுவார். "சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ஏழு பகல் இல்லங்களில் நான்கை மூடி, மற்ற மூன்றோடு இணைக்கிறோம். யாருக்கும் பாதிப்பு இல்லை." மூடப்போகும் நான்கின் பட்டியலையும் வாசித்திருந்தார். மூன்றாவதாக இருந்தது பழைய தபால் நிலையக் கட்டிடத்து இல்லம்.

நான்தான் எழுதியிருந்தேன். என் கைதான், என் பென்சில்தான். எனக்குத் தெரியாது. மற்ற மூன்று இல்லங்களிலும் இடத்துக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்பது தெரியும், நானே அப்படிக் காத்திருந்தவள். அந்த வரியைத் தட்டச்சு செய்தேன். ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. வேகமும் குறையவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

அடுத்துப் பேசியவர் டிரைவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர், பேரவையில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கதவை ஒட்டிய கடைசி இருக்கை அவருடையது. "தலைநகரம் வெட்டினப்போ பொன்குடம் உடைஞ்ச மாதிரி இதே அவையில தொண்டை கிழியக் கத்தினோம். இப்ப நாமளே வெட்டுறோம், கேட்டா மண்குடமாம். சட்டியக் கவுத்துப் போட்டுட்டு அகப்பைல ஒண்ணுமில்லன்னு சொன்னா எப்படிங்க?" அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்திருந்தார். அரைக்குப் பதில் கால் விழுக்காடு குறைப்போம், மிச்சக் காலில் நான்கு இல்லங்களையும் நடத்துவோம் என்று.

அப்புறம் வாக்கெடுப்பு. எங்கள் அவையில் முதலில் குரல்தான். ஏற்பவர்கள் 'ஆம்' என்று கத்துவார்கள், மறுப்பவர்கள் 'இல்லை' என்று கத்துவார்கள், எந்தச் சத்தம் பெரியது என்று அவைத்தலைவர் சொல்வார். யாருக்காவது சந்தேகம் இருந்தால், அவைத்தலைவர் முடிவைச் சொல்லி முடிப்பதற்குள் தலை எண்ணும்படி கேட்க வேண்டும். கேட்டால் ஒவ்வொருவரும் எழுந்து நின்று எந்தப் பக்கம் என்று காட்டியாக வேண்டும். முடிவு சொல்லியாகிவிட்டால் அப்புறம் தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஆளுங்கட்சியிலேயே நான்கு பேரின் தொகுதியில் இந்த இல்லங்கள் இருந்தன. கூட்டத்தோடு கத்துவது சுலபம், எழுந்து நின்று காட்டுவது கஷ்டம். டிரைவர் நம்பியிருந்தது அந்த நாலு பேரைத்தான்.

என் குறிப்பில் இப்படி இருந்தது. அவைத்தலைவர்: "'இல்லை' என்போரே அதிகம். திருத்தம் தோற்றது." டிரைவர்: "தலை எண்ணணும், தலைவரே!" இரண்டு வரிகளின் ஓரத்திலும் சேர்த்து ஒரு கொக்கி.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நாங்கள் போடும் குறி அது. தாளில் இரண்டு பேச்சை ஒன்றின்மேல் ஒன்றாக எழுத முடியாது, ஏதாவது ஒன்று முன்னால் வந்துதான் ஆக வேண்டும். எதை முன்னால் போடுவது? வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்தது: தலைவர் சொல் முதலில். எந்த விதிப் புத்தகத்திலும் இது கிடையாது. எங்கள் மேசையின் வழக்கம், அவ்வளவுதான். நல்ல பிரதியில் கொக்கி வராது. படிப்பவர்களுக்கு அவைத்தலைவர் பேசி முடித்தபிறகு டிரைவர் கத்தினார் என்றுதான் தெரியும்.

ஒலிப்பதிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு ஒலிவாங்கிதான் உயிரோடு இருக்கும். அப்போது உயிரோடு இருந்தது அவைத்தலைவருடையது. கடைசி இருக்கையிலிருந்து டிரைவர் கத்தியது இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் பதிவாகியிருந்தது. தலைவர் சொல்லை முதலில் போட்டு, பக்கத்தை அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போனேன். தம்பி கேட்டான், வரியைப் பற்றி என்றேன், குறைப்பார்கள் என்றேன், நல்லது என்றான். அவன் சட்டைப் பையில் ஒரு திருகாணி இருந்தது. எடுத்து மேசை இழுப்பறையில் போட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு கிண்ணம் நிறைய இருக்கிறது.

மறுநாள் காலை டிரைவர் எங்கள் அறைக்கு வந்தார். உறுப்பினர்கள் மறுநாள் பதினோரு மணிக்குள் வந்து தங்கள் பேச்சின் பிரதியைப் பார்த்து, தவறு இருந்தால் சொல்லலாம். பெரும்பாலும் பேசாததையெல்லாம் பேசியதாகச் சேர்க்கத்தான் வருவார்கள். இவர் இதுவரை வந்ததே இல்லை.

"நான் பின்னாடி கத்தினதா போட்டிருக்கீங்களேம்மா."

"ஆமாங்கய்யா."

"அவரு 'தோற்றது'ன்னு வாயெடுக்கும்போதே நான் கத்திட்டேன். முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன்மா, எப்ப பிரேக் போட்டேன்னு எனக்குத் தெரியாதா?"

பேசாமல் இருந்திருக்கலாம். 'பதிவில் இருப்பதுதான் சார்' என்று ஒரு வாக்கியம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம். வாயில் அது வரவில்லை.

"சேந்துதான் வந்துச்சுங்கய்யா. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பேசினீங்க. தலைவர் சொல்ல முன்னாடி போடுறது எங்க வழக்கம்."

அவர் என்னையே பார்த்தார். "இத எழுதிக் குடுப்பீங்களா?"

எங்கள் தலைமைச் சுருக்கெழுத்தருக்குக் காற்புள்ளி சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான். யார் எதைக் கொடுத்தாலும் பேனாவை எடுத்து இரண்டு காற்புள்ளியாவது போடாமல் திருப்பித் தரமாட்டார். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகையை அச்சகத்துக்கு நான்கு முறை திருப்பி அனுப்பினார் என்று சொல்வார்கள். நான் நம்புகிறேன். டிரைவர் அவைத்தலைவருக்குக் கடிதம் கொடுத்த அன்றே காற்புள்ளி சார் என்னைக் கூப்பிட்டார். என் குறிப்பேட்டைத் திறந்து கொக்கியை வெகுநேரம் பார்த்தார்.

"இது அப்பவே போட்டதுதானே?"

"அப்பவே போட்டது சார்."

"பென்சில் குறி. யாரு வேணா எப்ப வேணா போடலாம்னு சொல்வாங்க. அதனால அவைத்தலைவர் உன்கிட்ட எழுத்துல கேக்குறார்." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மூன்று கேள்விகள். என்ன பேசப்பட்டது? எந்த வரிசையில்? இந்த விஷயத்தில் உங்களுக்கோ உங்கள் குடும்பத்தினருக்கோ ஏதேனும் சம்பந்தம் உண்டா?

முதல் இரண்டையும் உண்மையாக எழுதினேன். மூன்றாவதில் பேனா நிற்கவில்லை, நான்தான் நிறுத்தினேன். 'உண்டு' என்று எழுதினால் என் கொக்கி செல்லாது. சொந்தத் தம்பிக்காகக் கோடு கிழித்தாள் என்பார்கள், தப்பும் சொல்ல முடியாது. அந்த அவையில் இத்தனை வருடமாக எனக்கு நிஜமாகத் தெரிந்த ஒரே உண்மை அந்தக் கொக்கிதான். அதை நம்ப வைக்க ஒரு பொய் வேண்டியிருந்தது.

"உனக்கு அங்க யாராவது இருக்காங்களாம்மா?" என்று காற்புள்ளி சார் வாய்விட்டே கேட்டார்.

"எனக்கு யாரும் இல்ல சார்."

எழுதினேன்: 'இல்லை.' கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவை எடுத்து இரண்டாவது பதிலில் ஒரு காற்புள்ளி போட்டார். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. மாலை பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, அதுதான் நினைவில் இருக்கிறது.

அவைத்தலைவர் கொஞ்சம் கறாரானவர், கோழையில்லை. 'முடிவு சொல்லி முடிப்பதற்குள் கேட்டிருக்கிறார், தலை எண்ணியிருக்க வேண்டும்' என்று தீர்ப்புச் சொல்லி, மறு வாக்கெடுப்புக்கு அடுத்த வாரம் ஒரு நாள் குறித்தார். அன்று என் முறை வராது என்று நினைத்திருந்தேன். ஒருத்திக்குக் காய்ச்சல், நான் கீழே போக வேண்டியதாயிற்று.

எழுதினேன். வழக்கம்போல எதுவும் கேட்கவில்லை. மாடிக்கு வந்து படித்தேன். ஏற்போர் இருபத்தெட்டு, மறுப்போர் முப்பது. டிரைவர் நம்பிய நான்கு பேரில் இரண்டு பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கட்சியோடு எழுந்து நின்றார்கள். மற்ற இரண்டு பேர் அவையிலேயே இல்லை. ஒருவருக்கு அவசரத் தொலைபேசி வந்ததாம், இன்னொருவருக்கு வயிற்று வலியாம். மறுநாள் காலை அவரை உணவகத்தில் பார்த்தேன், வயிறு நன்றாகத்தான் வேலை செய்தது.

பிரதியை அனுப்பிவிட்டுப் படியிறங்கும்போது டிரைவர் எதிரே வந்தார்.

"கத்தியே தோக்கடிச்சுட்டாங்கன்னு ஒரு வருத்தம் இருந்துச்சும்மா. இப்ப எண்ணித்தான் தோத்தோம். அந்த மட்டுக்கும் சரி." ஒரு படி ஏறித் திரும்பினார். "உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்ல, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? இருந்தும் உண்மையச் சொன்னீங்க பாருங்க. நல்லா இருப்பீங்க."

நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது?

அந்த மாதக் கடைசியில் இல்லத்தை மூடினார்கள். தம்பியின் பெட்டியை அவனிடமே கொடுத்து அனுப்பினார்கள். அதற்குள் நான் பன்னிரண்டு இடத்தில் கேட்டுவிட்டேன். மூன்று இல்லங்களில் பெயர் எழுதிக்கொண்டார்கள். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள என் சம்பளத்தில் முக்கால் போகும். கவனிப்பு விடுப்பு என்று ஒன்று இருக்கிறது, ஆறு மாதம், அரைச் சம்பளம். அந்தப் படிவத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினேன். முதல் கட்டத்தில் உறவினர் பெயர், இரண்டாவதில் உறவு, மூன்றாவதில் எத்தனை ஆண்டுகளாக என்று கேட்டிருந்தது. எனக்கு யாரும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்ட தாள் காற்புள்ளி சாரின் இரும்பு அலமாரியில் இருந்தது. வாயைத் திறந்தால் அது வெளியே வரும். திறக்காவிட்டால் திங்கட்கிழமை காலை எட்டு பத்துக்கு வேன் வராது.

திங்கட்கிழமை அவனை அலுவலகத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். வேறு வழி தெரியவில்லை. எங்கள் அறைக்கு வெளியே நடையில் ஒரு நீள பெஞ்சு உண்டு. அதில் உட்கார வைத்து, பெட்டியை மடியில் கொடுத்து, "இங்கயே இரு, எங்கயும் போகக் கூடாது" என்றேன். "சரிக்கா" என்றான். பிரிக்க ஆரம்பித்துவிட்டான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தேன். இருந்தான்.

பதினொன்றரைக்குக் காற்புள்ளி சார் கோப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வழியாக வந்தார். பெஞ்சைப் பார்த்து நின்றார். நான் வாசலில்தான் நின்றிருந்தேன்.

"யாரும்மா இவரு?"

தம்பி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவனுக்கும் பதில் தெரிய வேண்டும்போல் இருந்தது.

"தெரிஞ்சவர் சார். சும்மா... கொஞ்ச நேரம் உட்காந்திருக்கார்."

"தெரிஞ்சவர்" என்று தம்பி மெல்லத் திருப்பிச் சொன்னான். புதிதாக ஒரு திருகாணி கிடைத்ததுபோல் அதை எங்கே வைப்பது என்று பார்த்தான். அப்புறம் குனிந்துகொண்டான்.

காற்புள்ளி சார் உள்ளே போனார். நானும் போய் இருக்கையில் உட்கார்ந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம், சொன்னால் மனசு கேட்டுக்கொள்ளும்.

கொஞ்ச நேரத்தில் தேநீர் கொண்டுவருகிற அம்மா தள்ளுவண்டியோடு வந்தார். நடையில் ஒரு ஈ பறந்தாலும் அது யாருடைய ஈ என்று தெரிந்துகொள்ளாமல் நகரமாட்டார். கதவு திறந்துதான் இருந்தது.

"யாருப்பா நீ? யாரப் பாக்க வந்தே?"

"அக்காவுக்குத் தெரிஞ்சவர்" என்றான் தம்பி.

"எந்த அக்கா?"

"எங்கக்கா" என்று உள்ளே கையைக் காட்டினான். "நான் அவங்களுக்குத் தெரிஞ்சவர்."

அறையில் ஆறு பேர் இருந்தோம். தட்டச்சு ஒவ்வொன்றாக நின்றது. காற்புள்ளி சார் தன் மேசையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், அப்புறம் நடையைப் பார்த்தார். எழுந்து தன் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு மறந்தே போயிருந்தது. அது வந்தது. காது மடலிலிருந்து கழுத்துவரை சூடாக இறங்கியது. கையெழுத்துப் போட்ட பொய்க்காக அல்ல, அது போகட்டும். சொன்னதை அப்படியே நம்பி, ஒரு மறுப்புமில்லாமல், 'சரி, நான் தெரிஞ்சவர்' என்று ஏற்றுக்கொண்டானே, அதற்காக.

பையிலிருந்து படிவத்தை எடுத்தேன். பெயர் எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதினேன். எழுதும்போது அந்தச் சொல் எனக்குக் கேட்டது. எத்தனை ஆண்டுகளாக? ஒன்பது. கையெழுத்து கோணலாக வந்தது. எழுந்து போய்க் காற்புள்ளி சாரின் கதவைத் தட்டினேன்.

அவர் படித்தார். பேனா கையில் இருந்தது.

"இத நான் வாங்கினா, அதையும் எடுத்து மேல அனுப்பணும்."

"தெரியும் சார்."

"விசாரணை வைப்பாங்க. மேசைக்குத் திரும்ப வர முடியாமக்கூடப் போகலாம்."

"தெரியும் சார்."

"அந்தக் கொக்கி?"

"அது நிஜம் சார்."

"எனக்குத் தெரியும்" என்றார். "நீ போட்டா சரியாத்தான் போட்டிருப்பே. ஆனா இனிமே யாரும் நம்ப மாட்டாங்க." அலமாரியைத் திறந்து என் பழைய தாளைத் தேடி எடுத்தார். புதியதை அதன்மேல் வைத்து ஒரு குண்டூசி குத்தினார். படிவத்தில் ஒரு காற்புள்ளியும் போடவில்லை. "போம்மா. அவன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. இன்னிக்கு உன் முறைய நான் எழுதிக்கிறேன்." கீழே அவை மேசையில் அவர் உட்கார்ந்து எழுதிப் பத்து வருடமாவது இருக்கும்.

வெளியே வந்தேன். தம்பி பெஞ்சில் திருகாணிகளை நான்கு வரிசையாக அடுக்கியிருந்தான். தேநீர் அம்மா யாரும் சொல்லாமலேயே அவனுக்கு ஒரு கோப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார், அது ஆறிப்போயிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் வேனிலிருந்து இறங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது.

"இன்னிக்கு என்ன பேசினாங்க?"

"உன்னப் பத்தித்தான் பேசினாங்க."

யோசித்தான். "கூட்டுவாங்களா, குறைப்பாங்களா?"

"குறைச்சுட்டாங்கடா."

"நல்லது" என்றான்.

பேரவை மணி அடித்தது. உறுப்பினர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே அந்த நடை வழியாக அவைக்குப் போனார்கள். சிலர் என்னைப் பார்த்து வேகத்தைக் குறைத்தார்கள். என்னால் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ள முடியவில்லை. தம்பி தன் சட்டை நுனியைப் பிடித்து என் கன்னத்தைத் துடைத்துவிட்டான். அப்புறம் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட ஆரம்பித்தான்.